விப்லாஷ் கழுத்துக் காயம்: முதல் நாளிலிருந்து மீண்டு வரும்வரை பிசியோதெரபி வழிகாட்டி

பின்னால் வந்த வண்டி இடித்தவர்கள், விளையாடும்போது மோதி விழுந்தவர்கள், எப்படியோ தலை ஒரு நொடியில் முன்னும் பின்னும் வெட்டி இழுக்கப்பட்டவர்கள் எல்லோருக்கும் இந்த வழிகாட்டி. இப்படி வரும் கழுத்துக் காயத்தைத்தான் விப்லாஷ் என்கிறோம். கழுத்துக் காயத்தோடு வருகிறவர்களுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்துப் பார்த்ததில் எனக்குப் புரிந்த ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தவறான பயிற்சியால் தடுமாறுகிறவர்கள் குறைவு. சரியான பயிற்சியைத் தவறான நேரத்தில் செய்கிறவர்கள்தான் அதிகம். முதல் வாரத்தில் கழுத்தை இழுத்து நீட்டுவார்கள். ஆறாவது வாரத்தில் கழுத்துப் பட்டையைக் கழற்றப் பயப்படுவார்கள். அதனால் கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் ஆபத்தை விலக்குங்கள்

எலும்பு முறிவு, மூட்டு விலகல், தண்டுவட அழுத்தம், கழுத்து இரத்தக்குழாய்க் கிழிசல் ஆகிய நான்கும் இல்லை என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் பயிற்சியைப் பற்றி யோசிக்க வேண்டும். சாதாரண விப்லாஷுக்கு அசைவே மருந்து. இந்த நான்கில் ஒன்று இருந்தால் அதே அசைவு பெரும் கெடுதல்.

யாருக்கு எக்ஸ்ரே, ஸ்கேன் போன்ற படம் எடுக்க வேண்டும் என்று முடிவு செய்யக் கனடாவில் உருவாகி 2001-இல் வெளியான ஒரு விதி பல நாடுகளின் அவசரப் பிரிவுகளில் பயன்படுகிறது. நினைவு தெளிவாக இருப்பவர்களுக்கான விதி இது. வயது 65 அல்லது அதற்கு மேல், கை கால்களில் மரமரப்பு, ஆபத்தான வகை விபத்து ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் படம் எடுத்தாக வேண்டும். 3 அடி அல்லது 5 படி உயரத்திலிருந்து விழுவது, தலை உச்சியில் நேராக அடி விழுவது, மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் மோதுவது, வண்டி உருளுவது, வண்டியிலிருந்து தூக்கி எறியப்படுவது எல்லாம் ஆபத்தான வகையில் சேரும். இவை எதுவும் இல்லாமல், எழுந்து நடமாடுவது போன்ற குறைந்த ஆபத்துக்கான அடையாளமும் இருந்தால், தலையை இரு பக்கமும் 45 டிகிரி திருப்ப முடிகிறதா என்று மருத்துவர் பார்ப்பார். முடிந்தால் படம் தேவையில்லை. இந்தத் திருப்பல் சோதனையை வீட்டில் நீங்களாகச் செய்து பார்க்க வேண்டாம்.

புதிதாக வருகிறவர்கள் தவறவிடும் இடம் வேறு. முதல் நாள் ‘ஒன்றுமில்லை’ என்று அனுப்பிவிட்டார்கள் என்றால், இனி எப்போதும் ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள். இரத்தக்குழாயின் உள்சுவர் கிழிந்திருந்தால் அறிகுறி சில நாட்கள் கழித்தும் தலைகாட்டலாம். இதுவரை வந்தே இராத வகைத் தலைவலியோ கழுத்து வலியோ திடீரென்று வந்தாலும், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், விழுங்கச் சிரமம், ஒரு கண் இமை தொங்குதல், முகம் மரத்தல், நின்றபடியே கீழே விழுதல் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும், அது எத்தனையாவது நாளாக இருந்தாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள். கையின் பலம் குறைந்துகொண்டே போவது, சட்டைப் பட்டன் போட விரல்கள் தடுமாறுவது, நடையில் தள்ளாட்டம், சிறுநீர் மலக் கட்டுப்பாடு மாறுவது ஆகியவற்றுக்கும் இதே விதிதான்.

2. காயத்தின் தரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

1995-இல் கனடாவின் கியூபெக் நிபுணர் குழு வகுத்த தரப் பிரிவு இன்றும் வழக்கில் இருக்கிறது. எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டால் தரம் 0. வலியும் இறுக்கமும் மட்டும், பரிசோதனையில் எதுவும் தென்படவில்லை என்றால் 1. அசைவு குறைந்திருக்கிறது, தொட்டால் குறிப்பிட்ட இடத்தில் வலிக்கிறது என்றால் 2. பலக் குறைவு, உணர்ச்சிக் குறைவு, அனிச்சைச் செயலில் மாற்றம் என நரம்பு சார்ந்த அடையாளம் இருந்தால் 3. எலும்பு முறிவோ விலகலோ இருந்தால் 4.

இந்த வழிகாட்டி 1, 2 தரங்களுக்கு. தரம் 3 என்றால் பிசியோதெரபி உண்டு, ஆனால் நரம்பைக் கண்காணித்தபடி, நேரடி மேற்பார்வையில். தரம் 4 அறுவை சிகிச்சை மருத்துவரின் எல்லை.

‘ஸ்கேனில் ஒன்றும் இல்லையே, பிறகு ஏன் வலிக்கிறது?’ என்ற கேள்வியை ஏறக்குறைய எல்லோரும் கேட்கிறார்கள். பின்னாலிருந்து இடி விழுந்ததும் இருக்கை உடலை முன்னே தள்ளுகிறது, 4.5 முதல் 5 கிலோ எடையுள்ள தலை அதே இடத்தில் நின்றுவிடப் பார்க்கிறது. நொடியின் பத்தில் ஒரு பங்குக்குள், தசைகள் முழுதாகச் சுதாரிப்பதற்கு முன்பே, கழுத்து ‘எஸ்’ வடிவத்தில் வளைகிறது. கீழ்ப்பகுதி பின்னாலும் மேல்பகுதி முன்னாலும் ஒரே சமயத்தில் மடங்குவதால், முள்ளெலும்புகளின் பின்பக்கம் உள்ள சிறு மூட்டுகளும் அவற்றைச் சுற்றிய உறைகளும் கிள்ளுப்படுகின்றன, இழுபடுகின்றன. அவ்வளவு நுண்ணிய காயம் சாதாரண எக்ஸ்ரேயிலும் எம்.ஆர்.ஐ.யிலும் பெரும்பாலும் தெரியாது. படம் சுத்தமாக இருப்பதும் வலி உண்மையாக இருப்பதும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல.

மாறாக, வலியே இல்லாதவர்களின் ஸ்கேனிலும் வயதுக்கேற்ற தேய்மானம் தெரிவது சகஜம். அறிக்கையில் ‘தட்டு (முள்ளெலும்புகளுக்கு இடையே உள்ள மெத்தை) தேய்ந்துள்ளது’ என்ற வரியைப் பார்த்துவிட்டுக் கழுத்தே நொறுங்கிவிட்டதாக நினைத்துக்கொள்ளாதீர்கள்.

3. முதல் மூன்று நாட்கள்: சிறிய அசைவு, அடிக்கடி

விபத்து நடந்த அன்று லேசாக இருந்த வலி மறுநாளோ அதற்கு மறுநாளோ கூடுவது வழக்கம். அழற்சி கட்டிக்கொள்ளும் நேரம் அது. நிலைமை மோசமாகிறது என்று பயந்து படுத்தே கிடக்கத் தொடங்கும் இடமும் இதுதான்.

மருத்துவர் ஆபத்து இல்லை என்று சொல்லிவிட்டால், விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் தலையை மெதுவாக வலமும் இடமும் 10 முறை திருப்புங்கள். இழுக்க ஆரம்பிக்கும் இடத்துக்குச் சற்று முன்பே நின்று திரும்பி வந்துவிட வேண்டும். உட்கார்ந்து செய்ய முடியாவிட்டால் மல்லாந்து படுத்து, தலையைத் தலையணையிலிருந்து தூக்காமல் உருட்டினாலும் போதும். தலையின் எடையைத் தலையணை தாங்கிக்கொள்ளும். இந்தச் சிறு அசைவு மூட்டு இறுகாமல் காக்கிறது. திரும்பினால் ஆபத்தில்லை என்பதை மூளைக்கும் தினமும் நினைவூட்டுகிறது.

காலர் எனப்படும் கழுத்துப் பட்டை எலும்பு முறிவுக்கானது. 1, 2 தரக் காயங்களில் பட்டை போட்டு ஓய்வெடுத்தவர்களைவிட, சீக்கிரம் அசையத் தொடங்கியவர்கள் நன்றாகத் தேறுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. பட்டைக்குள் தசை வேலை இல்லாமல் பலம் இழக்கிறது; பட்டை இல்லாமல் தலை நிற்காது என்ற பயமும் ஒட்டிக்கொள்கிறது. மருத்துவர் காரணம் சொல்லிப் போடச் சொன்னால் போடுங்கள், ஆனால் எப்போது கழற்ற வேண்டும் என்பதையும் அப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.

ஐஸ் ஒத்தடமா, வெந்நீர் ஒத்தடமா என்று அதிகம் யோசிக்க வேண்டாம். எது இதமாக இருக்கிறதோ அதைத் துணியில் சுற்றி 10 முதல் 15 நிமிடம். வலி மாத்திரையை மருத்துவர் சொன்ன அளவில் எடுப்பதில் தப்பில்லை. வலியைக் குறைத்துக்கொண்டு அசைவது, வலியைச் சகித்துக்கொண்டு அசையாமல் கிடப்பதைவிட மேல்.

படுக்கையிலிருந்து எழுவதுதான் முதல் வாரத்தின் மிகக் கடினமான வேலை. மல்லாந்தபடியே தலையைத் தூக்கி எழாதீர்கள். முழங்கால்களை மடக்கி, தோளும் இடுப்பும் சேர்ந்து வரப் பக்கவாட்டில் புரண்டு, கால்களைக் கட்டிலுக்கு வெளியே இறக்கி, கீழ்க்கை முழங்கையையும் மேல்கை உள்ளங்கையையும் ஊன்றி எழுங்கள். கழுத்தின் முன்தசைகள் தலையின் முழு எடையையும் தூக்க வேண்டிய அவசியம் அதனால் இல்லாமல் போகிறது. ஒருக்களித்துப் படுக்கும்போது மூக்கு நெஞ்செலும்புக்கு நேர்கோட்டில் இருக்கும் அளவுக்குத் தலையணை உயரம் இருக்கட்டும். குப்புறப் படுப்பதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். இரவெல்லாம் கழுத்து ஒரே பக்கம் திரும்பிக் கிடக்கும்.

4. பிசியோதெரபிஸ்ட்டைப் பார்க்கும் முன் தயார் செய்ய வேண்டியவை

வெறுங்கையோடு போனால் முதல் சந்திப்பின் பாதி நேரம் நினைவுபடுத்திச் சொல்வதிலேயே போய்விடும். மருத்துவமனைக் குறிப்பு, ஸ்கேன் அறிக்கை, சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல் மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், எலும்பு மெலிவு உள்ளவர்கள், முடக்குவாதம் (ருமடாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்ற மூட்டு நோய்) உள்ளவர்கள் அதைக் கேட்காமலே சொல்லிவிட வேண்டும். முடக்குவாதத்தில் மேல்கழுத்தின் தசைநார்கள் தளர்ந்திருக்கக்கூடும். அங்கே கைவைத்துச் செய்யும் சிகிச்சை முற்றிலும் வேறு.

விபத்து எப்படி நடந்தது என்று எழுதி வையுங்கள். எந்தத் திசையிலிருந்து இடி வந்தது, அந்த நொடியில் தலை நேராக இருந்ததா, பக்கவாட்டில் திரும்பியிருந்ததா, இருக்கையின் தலைதாங்கி எந்த உயரத்தில் இருந்தது? தலை திரும்பிய நிலையில் இடி வாங்கினால் ஒரு பக்கத்துச் சிறு மூட்டுகள் கூடுதலாக இழுபடும். எந்தப் பக்கத்தை முதலில் தேட வேண்டும் என்பதற்கு அது நல்ல துப்பு.

இரண்டு மூன்று நாட்களுக்குக் காலை, மதியம், இரவு வலியை 0 முதல் 10 வரை எண்ணால் குறியுங்கள். கூடவே அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். ‘எப்போதும் வலிக்கிறது’ என்பதை வைத்துத் திட்டம் போட முடியாது. ‘நாற்பது நிமிடம் கணினி முன் உட்கார்ந்தால் 3 ஆக இருந்தது 6 ஆகிறது’ என்றால் போடலாம்.

5. முதல் சந்திப்பில் நடக்க வேண்டியது

தலையை வலம், இடம், மேல், கீழ், பக்கச்சாய்வு என ஆறு திசையிலும் அளந்து டிகிரியில் எழுத வேண்டும். பொதுவாகத் தலை ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 80 டிகிரி திரும்பும். இன்று 40 என்று எழுதி வைத்தால்தான் மூன்று வாரம் கழித்து 60 என்பது முன்னேற்றமாகத் தெரியும். மனதால் அளந்தால் நல்ல நாளில் எல்லாம் சரியாகிவிட்டது போலவும் கெட்ட நாளில் ஒன்றுமே மாறாதது போலவும் தோன்றும்.

கைகளின் பலம், உணர்ச்சி, அனிச்சைச் செயல், தோள் மூட்டு, மேல்முதுகு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். தலைசுற்றல் உண்டா, தூக்கம் எப்படி, வண்டியில் ஏறப் பயமாக இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். கழுத்து இயலாமைக் குறியீடு என்ற கேள்வித்தாளையும் பலர் நிரப்பச் சொல்வார்கள். 1991-இல் வந்த அந்தத் தாளில் 10 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5, மொத்தம் 50. மதிப்பெண் கூடக்கூட அன்றாட வேலைகளில் சிரமம் அதிகம் என்று பொருள். அதில் மழுப்பாமல் பதில் எழுதுங்கள். ‘படிக்க முடிகிறது’ என்று பெருமையாகக் குறித்துவிட்டு, படித்த பிறகு தலைவலியோடு படுத்துவிட்டதைச் சொல்லாமல் விடுகிறவர்கள் உண்டு.

இவை எதுவும் இல்லாமல் நேராக ஒரு மின்கருவியில் படுக்க வைத்தால், ‘என் கழுத்தைப் பரிசோதித்ததில் என்ன தெரிந்தது?’ என்று தயங்காமல் கேளுங்கள்.

6. அளவை மறுநாள் காலை சொல்லட்டும்

இனி வரும் எல்லாப் பயிற்சிக்கும் இந்தப் பகுதிதான் அடிப்படை. செய்யும்போது வலி 10-க்கு 3 வரை வந்தால் பரவாயில்லை. முடித்த ஒரு மணி நேரத்துக்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிட வேண்டும். மறுநாள் காலை முந்தைய நாள் காலையைவிட மோசமாக இருக்கக் கூடாது.

காலையில் மோசமாக இருந்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், பயிற்சியை நிறுத்தாதீர்கள். அடுத்தடுத்து இரண்டு காலைகள் நன்றாக இருந்தால் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கூட்டுங்கள்: எண்ணிக்கை, அல்லது பிடித்திருக்கும் நேரம், அல்லது புதிய பயிற்சி. மூன்றையும் ஒன்றாகக் கூட்டிவிட்டால், வலி வந்தபோது எதனால் வந்தது என்று உங்களுக்கும் தெரியாது, சொல்லிக்கொடுத்தவருக்கும் தெரியாது.

விப்லாஷில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் சிக்கல் இது: வலி குறைந்த ஒரு நாளில் விட்டுப்போன வேலை எல்லாவற்றையும் முடித்துவிடுகிறார்கள், அடுத்த மூன்று நாள் படுக்கை, மறுபடி ஒரு நல்ல நாள், மறுபடி அதே ஓட்டம். மாதக்கணக்கில் இந்தச் சுழலிலேயே நிற்பார்கள். நல்ல நாளிலும் திட்டமிட்ட அளவோடு நிறுத்துங்கள், கெட்ட நாளிலும் குறைந்த அளவையாவது செய்யுங்கள். கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும் இந்த ஒழுங்குதான் தேறுகிறவர்களையும் தேங்கி நிற்கிறவர்களையும் பிரிக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

7. ஆழ்தசைகளை எழுப்புங்கள்

கடும் வலி தணிந்து, தலையைத் திருப்புவது கொஞ்சம் எளிதானதும் இந்தப் படி. பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள் தொடங்கலாம்.

கழுத்தெலும்புகளின் முன்புறம் ஒட்டிச் செல்லும் ஆழ்தசைகள் தலையைத் தாங்கிப் பிடிப்பவை. வலி வந்ததும் இவை பின்வாங்குகின்றன. மேலே உள்ள பெரிய தசைகள் இவற்றின் வேலையையும் சேர்த்துச் செய்யப்போய்ச் சீக்கிரம் களைத்துவிடுகின்றன. மாலையானால் கழுத்து கனப்பதற்கு இது ஒரு காரணம். இங்கே பலம் கூட்டுவதற்கு முன்பு, சரியான தசையை எழுப்ப வேண்டும்.

மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்குங்கள். நெற்றியும் முகவாயும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி தலைக்கு அடியில் மடித்த துண்டு வையுங்கள். காதுக்குப் பின்னாலிருந்து தொண்டைக்குழிக்கு அருகே உள்ள காறை எலும்பின் முனைக்குச் சாய்வாக இறங்கும் தசையின் மேல் இரண்டு விரல்களை மெல்ல வையுங்கள். இப்போது ‘ஆமாம்’ என்று மிகச் சிறிதாகத் தலையாட்டுங்கள். பின்தலை துண்டிலிருந்து எழக் கூடாது. துண்டின் மேல் மெல்லச் சறுக்க வேண்டும். விரலுக்கு அடியில் உள்ள தசை மென்மையாகவே இருந்தால் சரியாகச் செய்கிறீர்கள். கயிறு போலப் புடைத்தால் அதிகமாகத் தலையாட்டிவிட்டீர்கள், பாதியாகக் குறையுங்கள். சரியான அசைவு வெளியே பார்ப்பவருக்குச் சரியாகத் தெரியக்கூடாத அளவுக்குச் சிறியது.

அந்த நிலையில் 3 முதல் 5 விநாடி பிடித்து விடுங்கள். நாளடைவில் 10 விநாடி, 10 முறை. சிகிச்சை நிலையத்தில் கழுத்துக்கு அடியில் காற்றுப்பை அழுத்தமானி வைத்துப் பார்ப்பார்கள். 20 மில்லிமீட்டர் பாதரசத்தில் தொடங்கி 22, 24 என இரண்டிரண்டாக 30 வரை ஏற்றுவது வழக்கமான முறை. பெரிய தசை துணைக்கு வராமல் நீங்கள் நிற்கும் படிதான் உங்கள் பயிற்சிப் படி.

மூச்சைப் பிடிப்பது, பல்லைக் கடிப்பது, முகவாயை நெஞ்சுக்குள் திணிப்பது ஆகிய மூன்றும் இங்கே அதிகம் நடக்கின்றன. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி, உதடுகளை மூடி, பற்களுக்கு நடுவே சிறு இடைவெளி விட்டால் முதல் இரண்டும் தானாகக் குறையும். ‘இவ்வளவு லேசான பயிற்சியால் என்ன ஆகப் போகிறது’ என்று இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பின்னால் பலப் பயிற்சியில் மாட்டிக்கொள்கிறார்கள்.

படுத்துச் செய்வது கைவந்ததும் அதையே உட்கார்ந்து செய்யுங்கள். உச்சந்தலை மேலே எழும்பட்டும், தோள்பட்டை எலும்புகள் லேசாகப் பின்னும் கீழும் அமரட்டும். தோள்பட்டையை இங்கே சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. கழுத்திலிருந்து தொங்கும் தசைகள் கைகளின் எடையையும் சுமக்கின்றன. தோள்பட்டை தன் இடத்தில் நின்றால் அந்தச் சுமை குறையும்.

8. தலைசுற்றலும் பார்வை மங்கலும் இருந்தால் கண்ணையும் கழுத்தையும் சேர்த்துப் பழக்குங்கள்

தலை எங்கே இருக்கிறது என்ற செய்தியை மூளைக்கு அனுப்பும் நுண் உணரிகள் மேல்கழுத்தில் நிறைய உண்டு. காயத்துக்குப் பின் அந்தச் செய்தி கலங்கும். கண்ணும் உள்காதும் சொல்வதோடு ஒத்துப்போகாது. படிக்கும்போது எழுத்து அலைவது, கூட்டத்தில் நடந்தால் தள்ளாடுவது எல்லாம் இதனால் வரலாம். உள்காதுக் கோளாறும் மூளை அதிர்ச்சியும் இதே தொந்தரவைத் தரும் என்பதால் அவற்றை மருத்துவர் முதலில் விலக்கியிருக்க வேண்டும்.

சோதிக்கும் முறை எளிது. தலையில் ஒரு சிறு டார்ச்சைக் கட்டி, சுவரிலிருந்து 90 சென்டிமீட்டர் தூரத்தில் உட்கார்ந்து, ஒளி விழும் இடத்தில் ஒரு புள்ளி வைக்கச் சொல்வோம். கண்ணை மூடித் தலையைத் திருப்பி, மறுபடி நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். ஒளி பழைய புள்ளியிலிருந்து ஏறத்தாழ 7 சென்டிமீட்டருக்கு மேல், அதாவது சுமார் 4.5 டிகிரிக்கு மேல் தள்ளி விழுந்தால் கழுத்தின் நிலை உணர்வு பிசகியிருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறோம். கண்ணைத் திறந்து ஒளி விழுந்த இடத்தைப் பார்க்கும்போது பலர் நம்ப முடியாமல் மறுபடி செய்து பார்ப்பார்கள். நேராகத்தான் இருக்கிறோம் என்று அவ்வளவு நிச்சயமாக இருந்திருப்பார்கள்.

இந்தச் சோதனையே பயிற்சியும் ஆகும். அதோடு, சுவரில் ஒட்டிய ஒரே எழுத்தைப் பார்த்தபடி தலையை மெதுவாக இரு பக்கமும் அசைப்பது, தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் நகர்த்துவது, கால்களை ஒட்டி வைத்து நிற்பது ஆகியவை. ஒவ்வொன்றும் அரை நிமிடம் போதும். வேகத்தைக் கடைசியாகக் கூட்டுங்கள். லேசான சுற்றல் வந்து சில நிமிடத்தில் அடங்கினால் சரி. நீண்ட நேரம் அடங்காவிட்டால் அளவு அதிகம்.

9. பலத்தைக் கூட்டுங்கள்

ஆழ்தசைப் பயிற்சி உட்கார்ந்தும் சிரமமில்லாமல் வந்த பிறகு இதற்கு வாருங்கள். உள்ளங்கையை நெற்றியில் வைத்து, தலை அசையாத அளவுக்கு எதிரெதிராக மெல்லத் தள்ளுங்கள். முழுப் பலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். 5 முதல் 10 விநாடி. பிறகு பின்தலை, இரு பக்கமும். அடுத்த வாரங்களில் ரப்பர் பட்டை, லேசான எடை, கைகளை உயர்த்தும் பயிற்சி எனப் போகலாம்.

நடையை இதற்காகக் காத்திருக்க வைக்க வேண்டாம். முதல் வாரத்திலிருந்தே தினமும் முடிந்த அளவு நடந்து, மெல்ல அரை மணி நேரத்துக்குக் கொண்டுவாருங்கள். வலியைத் தணிக்கும் உடலின் சொந்த ஏற்பாடுகளை நடை தூண்டிவிடும், தூக்கமும் சீராகும்.

10. கைச்சிகிச்சையும் கருவிகளும் எதுவரை?

மூட்டை மெதுவாக அசைத்துத் தளர்த்தும் கைச்சிகிச்சை, பயிற்சியோடு சேரும்போது உதவும். அது வலியைக் கொஞ்ச நேரம் தள்ளிவைக்கிறது. அந்த இடைவெளியில் பயிற்சி செய்தால் பலன் நிலைக்கும். கைச்சிகிச்சை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டால் மறுநாள் அதே இடத்தில்தான் இருப்பீர்கள். மின்கருவி, அல்ட்ராசவுண்ட் போன்றவை மட்டும் விப்லாஷைத் தீர்க்கும் என்பதற்கு வலுவான சான்று இல்லை.

கழுத்தைச் சட்டென்று திருப்பி நெட்டி முறிப்பதை, அதிலும் காயம் பட்ட முதல் வாரங்களில், யாரையும் செய்ய விடாதீர்கள். நீங்களாகவும் செய்யாதீர்கள். காயம்பட்ட மூட்டுறையும் இரத்தக்குழாய்ச் சுவரும் அந்த வேகத்துக்குத் தயாராக இல்லை.

11. வேலைக்கும் வண்டிக்கும் திரும்புதல்

வலி முழுதாகப் போன பிறகு வேலைக்குப் போகலாம் என்று காத்திருக்காதீர்கள். அரை நாளாகவோ லேசான பணியாகவோ தொடங்கி, மறுநாள் காலையை வைத்துக் கூட்டுங்கள். உட்கார்ந்து செய்யும் வேலை என்றால் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நாலு முறை தலையைத் திருப்புவது, விலையுயர்ந்த நாற்காலியைவிட அதிகம் உதவும்.

வண்டி ஓட்ட, தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்க்க முடிய வேண்டும், திடீரென்று பிரேக் மிதிக்கத் தயங்கக் கூடாது, தூக்கம் வரவழைக்கும் மாத்திரை உடலில் இருக்கக் கூடாது. உடம்பையே திருப்பிப் பார்த்துச் சமாளிக்கலாம் என்று ஓட்டத் தொடங்குகிறவர்கள் தங்களுக்கும் மற்றவர்களுக்கும் ஆபத்தை ஏற்படுத்துகிறார்கள்.

12. ஆறு வாரமாகியும் அசையாவிட்டால்

முன்னேற்றத்தின் பெரும்பகுதி முதல் இரண்டு மூன்று மாதங்களில் நடக்கிறது. ஓராண்டு கழித்தும் ஏதோ ஒரு தொந்தரவு இருப்பதாக ஏறத்தாழப் பாதிப் பேர் சொல்கிறார்கள் என்பதும் உண்மை. அதன் கடுமை ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆகவே ஆறு வாரத்தில் டிகிரி கணக்கும் கேள்வித்தாள் மதிப்பெண்ணும் நகரவில்லை என்றால், அதே திட்டத்தை இன்னும் ஆறு வாரம் இழுக்காமல் மறுபரிசோதனை கேளுங்கள்.

தொடக்கத்திலேயே வலி மிகக் கடுமையாக இருந்தவர்கள், குளிர்ந்த பொருள் பட்டாலே வலிப்பவர்கள், ‘நான் தேறவே மாட்டேன்’ என்று உறுதியாக நம்புகிறவர்கள், விபத்துக் காட்சி கனவிலும் நனவிலும் திரும்பத் திரும்ப வருகிறவர்கள் தேறுவதற்குக் கூடுதல் காலம் எடுக்கலாம். கடைசியாகச் சொன்னது விபத்துக்குப் பிந்தைய மன அதிர்ச்சி. அதற்கு உளவியல் சிகிச்சை இருக்கிறது; அதைக் கழுத்துப் பயிற்சியோடு சேர்த்தே தொடங்கலாம். மனநல ஆலோசனைக்கு அனுப்பினால் ‘என் வலி பொய் என்கிறார்களா’ என்று மனம் நொந்துவிடாதீர்கள். பயத்தில் இருக்கும் உடல் தசையைத் தளரவிடாது. தூக்கம் கெட்டால் வலியும் கூடும். உங்கள் வலியை நம்புகிறவர்தான் அங்கே அனுப்புவார்.

13. எப்போது நிறுத்தலாம்?

இரு பக்கத் திருப்பலும் ஏறத்தாழ சமமாகி, நாள் முழுதும் வேலை செய்த பிறகும் மறுநாள் காலை கழுத்து சாதாரணமாக இருந்து, வலி எட்டிப்பார்த்தால் அளவை நீங்களே குறைத்துச் சரிசெய்யத் தெரிந்துவிட்டால், நிலையத்துக்குப் போவதை நிறுத்தலாம். ஆழ்தசை, பலப் பயிற்சிகளை இன்னும் சில மாதங்கள் வாரம் இரண்டு மூன்று முறை தொடருங்கள்.

வண்டியில் மறுபடி ஏறும் அன்று முதல் வேலையாகத் தலைதாங்கியைச் சரிசெய்யுங்கள். அதன் மேல்விளிம்பு உச்சந்தலை மட்டத்தில், குறைந்தது காதின் மேல்நுனி மட்டத்திலாவது இருக்க வேண்டும். பின்தலைக்கும் அதற்கும் இடைவெளி எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. 10 சென்டிமீட்டரைத் தாண்ட விடாதீர்கள். இருக்கையை மிகவும் சாய்த்து ஓட்டினால் இந்த இடைவெளி தானாகக் கூடிவிடும் என்பதால், இருக்கையின் முதுகுப் பகுதியைச் சற்று நிமிர்த்தி வைத்துவிட்டு அளந்து பாருங்கள்.